"டைட்டில் ஒன் ஸ்கூல்னு லெட்டர் வந்திருக்கு, வீடு மாத்திடலாமா மேடம்?"

நார்த் கரோலைனால இருந்து ஒரு அம்மா எழுதியிருக்காங்க. பேரு, ஊரு, ஸ்கூல் எதுவும் இங்க சொல்லல, அடையாளம் தெரியற சில விவரத்தையும் மாத்திட்டேன்.

போன வருஷம் திருச்சியில இருந்து வந்த குடும்பம். கணவர் எச்1பி வேலை விசா, இவங்க எச்4 (அவரைச் சார்ந்து வர்ற மனைவிக்கான விசா), பையன் மூணாம் கிளாஸ். ஸ்கூல் திறந்த முதல் வாரமே பையன் பையில ஒரு ஃபோல்டர் வந்திருக்கு. உள்ள அஞ்சாறு பேப்பர். "எங்க ஸ்கூல் டைட்டில் ஒன் ஸ்கூல்"னு ஒண்ணு, "டீச்சரோட தகுதி பத்தி கேட்க உங்களுக்கு உரிமை இருக்கு"ன்னு ஒண்ணு, அம்மா அப்பா கையெழுத்து போட சொல்லி ஒரு ஒப்பந்தம் மாதிரி ஒண்ணு, சாயங்காலம் ஒரு மீட்டிங்னு ஒண்ணு. ரெண்டு வாரம் கழிச்சு, பையனை இ.எஸ்.எல்.ல (வீட்டுல வேற மொழி பேசற பிள்ளைங்களுக்கான இங்கிலீஷ் கிளாஸ்) சேர்த்திருக்கோம்னு இன்னொரு லெட்டர். அக்டோபர் கடைசியில, "உங்க பிள்ளை வகுப்புக்கு நாலு வாரத்துக்கு மேல மாநில சான்றிதழ் இல்லாத ஆசிரியர் பாடம் எடுக்கறார்"னு வேற ஒரு லெட்டர். எல்லாத்தையும் கிச்சன் டிராயர்ல போட்டு வச்சிருக்காங்க.

அபார்ட்மென்ட் வாட்ஸப் குரூப்ல கேட்டா, "டைட்டில் ஒன்னா? ஏழைப் பசங்க ஸ்கூல், ரேட்டிங் கம்மி, உடனே வீடு மாத்துங்க"ன்னு ஒருத்தர், "அந்த ஃபண்ட்ல கவர்ன்மென்டே டியூஷன் ஃபீஸ் கட்டும், கேட்டு வாங்குங்க"ன்னு இன்னொருத்தர், "வீட்டு மொழி ஃபார்ம்ல தமிழ்னு எழுதினதுதான் தப்பு"ன்னு மூணாவது ஒருத்தர். கணவருக்கு இது கிரீன் கார்டுல வந்து நிக்குமோன்னு பயம், அதனால ஸ்கூல்ல எல்லாருக்கும் குடுக்கற ஃப்ரீ லஞ்சைக் கூட சாப்பிட வேண்டாம்னு பையன்கிட்ட சொல்லிட்டாராம். வீடு எந்த ஏரியாவுல இருக்கோ அதை வச்சுத்தான் இங்க ஸ்கூல், அந்தப் பக்கத்து ஸ்கூல் ஜோனுக்கு மாறினா வாடகை மாசம் 650 டாலர் கூட. என்ன பண்றதுன்னு கேக்கறாங்க.

வணக்கம்மா. உங்க லெட்டரை ரெண்டு தடவை படிச்சேன். முதல்ல ஒரு வேலை பண்ணுங்க, டிராயர்ல இருக்கற எல்லா பேப்பரையும் வெளிய எடுத்து மேஜைல வைங்க. நீங்க பயந்தது முதல் பேப்பருக்கு, ஆனா கவனிச்சிருக்க வேண்டியது அக்டோபர்ல வந்த கடைசி பேப்பர். அதுக்கு வரேன், அதுக்கு முன்னாடி இந்த டைட்டில் ஒன்னுங்கறது என்னன்னு சொல்லிடறேன், ஏன்னா குரூப்ல சொன்னதுல பாதி பழைய கதை, மீதி தப்பு.

அமெரிக்காவுல ஸ்கூல் நடக்கறது பெரும்பாலும் மாநிலப் பணத்துலயும் உள்ளூர் வரியிலயும்தான். ஃபெடரல் கவர்ன்மென்ட் பங்கு சாதாரண வருஷத்துல பத்துல ஒரு பங்கு கூட வராது. உள்ளூர் வரின்னா பெரும்பாலும் சொத்து வரி, அப்போ வீட்டு விலை அதிகமா இருக்கற ஏரியா ஸ்கூலுக்கு காசு தாராளமா வரும், வாடகை அபார்ட்மென்டும் பழைய வீடுமா இருக்கற ஏரியாவுக்கு கம்மியாத்தான் வரும். இந்த பள்ளத்தை கொஞ்சமாவது நிரப்பணும்னு 1965ல ஒரு சட்டம் வந்துச்சு. அன்னைக்கு பிரசிடென்டா இருந்த லிண்டன் ஜான்சன், ஏப்ரல் 11ம் தேதி, டெக்ஸாஸ்ல தான் சின்ன வயசுல படிச்ச ஒத்தை ரூம் பள்ளிக்கூடத்துக்கே போய், தன்னோட முதல் டீச்சரை பக்கத்துல உக்கார வச்சு அதுல கையெழுத்து போட்டார். அவரே காலேஜ் படிக்கும்போது நடுவுல கோட்டுல்லாங்கற ஊர்ல ஏழை மெக்சிகன் குடும்பத்துப் பசங்களுக்கு வாத்தியாரா இருந்தவர். அந்த சட்டத்தோட முதல் பகுதிதான் இந்த டைட்டில் ஒன், வறுமைல இருக்கற பிள்ளைங்க அதிகமா படிக்கற ஸ்கூலுக்கு ஃபெடரல் பணம் குடுக்கற பகுதி. 2002ல ஒரு பெரிய மாத்தம், 2015 டிசம்பர்ல இன்னொண்ணு, இப்ப நடப்புல இருக்கறது 2015 சட்டம். வருஷத்துக்கு ஏறக்குறைய 1800 கோடி டாலர் இதுல போகுது.

பணம் எப்படி வருதுன்னா, சென்சஸ் கணக்குல எந்தெந்த ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்ல (ஒரு பகுதியில இருக்கற ஸ்கூல்களை நடத்தற அமைப்பு) வறுமைல இருக்கற பிள்ளைங்க எத்தனை பேர்னு பார்த்து மாநிலத்துக்கு வரும், அங்கருந்து டிஸ்ட்ரிக்ட்டுக்கு, டிஸ்ட்ரிக்ட் தன்கிட்ட இருக்கற ஸ்கூல்களை வறுமை சதவீதப்படி வரிசை கட்டி மேல இருந்து கீழ குடுத்துக்கிட்டு வரும். 75 சதவீதத்துக்கு மேல இருக்கற ஸ்கூலுக்கு முதல்ல குடுத்தே ஆகணும். ஒரு ஸ்கூல்ல 40 சதவீதமோ அதுக்கு மேலயோ இருந்தா அந்தப் பணத்தை மொத்த ஸ்கூலுக்கும் சேர்த்து செலவு பண்ணலாம். உங்க லெட்டர்ல "ஸ்கூல்வைட்"னு ஒரு வார்த்தை இருக்கறதா எழுதியிருக்கீங்கல்ல, அது இதுதான். அதாவது அந்த ரீடிங் ஸ்பெஷலிஸ்ட், கூடுதல் அசிஸ்டென்ட், ஸ்கூல் முடிஞ்சப்புறம் நடக்கற மேத் கிளாஸ் எல்லாம் உங்க பையனுக்கும்தான், உங்க வீட்டு வருமானத்தை யாரும் கேக்க மாட்டாங்க. 40க்கு கீழ இருக்கற ஸ்கூல்ல கூட பிள்ளைங்களை படிப்புல பின்தங்கினதை வச்சுத்தான் தேர்ந்தெடுக்கணும், அப்பா சம்பளத்தை வச்சு இல்ல. "நாங்க ஏழை இல்லையே, எங்க பையன் ஏன் இதுல?"ன்னு உங்க கணவர் கேட்டாருன்னு எழுதியிருந்தீங்க, அவருக்கு இதைப் படிச்சுக் காட்டுங்க.

டியூஷன் ஃபீஸ் கேட்டு வாங்குங்கன்னு சொன்னவர் பொய் சொல்லல, பழசை சொல்லியிருக்கார். 2002 சட்டத்துல, தொடர்ந்து இலக்கை எட்டாத டைட்டில் ஒன் ஸ்கூல்ல படிக்கற பிள்ளைங்க வேற ஸ்கூலுக்கு மாறவும், அவங்கள்ல குறைஞ்ச வருமானக் குடும்பத்துப் பிள்ளைங்களுக்கு வெளி டியூஷன் குடுக்கவும் கட்டாய விதி இருந்துச்சு. 2015 சட்டம் அந்தக் கட்டாயத்தை எடுத்துடுச்சு. இப்ப தனித்தனி பெற்றோர் கைக்கு இந்தப் பணம் வராது, ஆனா அது எப்படி செலவாகணும்னு பேசற இடத்துல உங்களுக்கு நாற்காலி இருக்கு.

அக்டோபர் லெட்டர், அதுதான் முக்கியம்

டைட்டில் ஒன் பணம் வாங்கற ஸ்கூலுக்கு சட்டம் ஒரு கடமை வைக்குது. மாநிலம் அந்த கிரேடுக்கும் அந்தப் பாடத்துக்கும் கேக்கற சான்றிதழ் இல்லாத ஒருத்தர், ஒரு பிள்ளைக்கு தொடர்ந்து நாலு வாரமோ அதுக்கு மேலயோ பாடம் எடுத்தா, பெற்றோருக்கு தாமதம் இல்லாம சொல்லியே ஆகணும். பக்கத்து ஜோன் ஸ்கூல் டைட்டில் ஒன் இல்லைன்னா, அங்க இதே மாதிரி ரெண்டு மாசம் லாங் டேர்ம் சப் (நிரந்தர டீச்சருக்கு பதிலா வர்ற தற்காலிக டீச்சர்) வந்தாலும் இந்த ஃபெடரல் விதிப்படி உங்களுக்கு லெட்டர் வரணும்னு இல்ல. உங்களுக்கு தெரிய வந்ததே இந்த ஸ்கூல்ல இருக்கறதாலதான்.

அந்த சப் மோசமான ஆள்னு உடனே முடிவு பண்ணாதீங்க. வேற மாநில லைசன்ஸ் வச்சிருக்கறவரா இருக்கலாம், மிடில் ஸ்கூல் சயன்ஸுக்கு சான்றிதழ் வாங்கினவரை மூணாம் கிளாஸ்ல நிக்க வச்சிருக்கலாம், ரிட்டயர்ட் டீச்சரா கூட இருக்கலாம். எதுன்னு கேட்டாதான் தெரியும். கேக்கற உரிமைதான் அந்த ரெண்டாவது பேப்பர். டீச்சர் அந்த கிரேடுக்கும் பாடத்துக்கும் மாநிலத் தகுதி முடிச்சவரா, எமர்ஜென்சி இல்ல தற்காலிக அனுமதில இருக்காரா, தன் சான்றிதழ் உள்ள துறைலதான் பாடம் எடுக்கறாரா, உங்க பையனுக்கு அசிஸ்டென்ட் யாராவது பாடம் சொல்லித் தர்றாங்களா, அவங்க தகுதி என்ன, இதெல்லாம் நீங்க கேட்டா டிஸ்ட்ரிக்ட் சொல்லியாகணும். காரணம் சொல்லத் தேவையில்ல, அதுக்காக யார் மேலயும் குத்தம் சாட்டற மாதிரியும் ஆகாது.

பிரின்சிபாலுக்கு ஒரு சின்ன ஈமெயில் போடுங்க. மூணாம் கிளாஸ் இங்க சாதாரண வருஷம் இல்ல, நார்த் கரோலைனால அடுத்த கிளாஸுக்கு அனுப்பறதை ரீடிங்கை வச்சு முடிவு எடுக்கற வருஷம் இது, வருஷ ஆரம்பத்துலயே பிகினிங் ஆஃப் கிரேடு ரீடிங் டெஸ்ட் வச்சிருப்பாங்க. அதனால தகுதி விவரத்தோட சேர்த்து இதையும் கேளுங்க: நிரந்தர டீச்சர் எப்ப வருவாங்க, அதுவரைக்கும் லெசன் பிளான் யார் போடறா, பக்கத்து செக்ஷன் டீச்சர் பாத்துக்கறாங்களா, ரீடிங் ஸ்பெஷலிஸ்ட் இந்த வகுப்புக்கு வாரத்துல எத்தனை நாள் வர்றாங்க, ஆரம்பத்துல எடுத்த மார்க்குக்கும் இப்பவுக்கும் என் பையன் எங்க இருக்கான். தேதி போட்டு ஈமெயில்ல கேளுங்க, வாசல்ல நின்னு வாய்மொழியா கேட்டா அது காத்தோட போயிடும். எல்லாரும் கூடி கேட்டா இன்னும் நல்லது, அந்த வகுப்புல இருக்கற மத்த அம்மாக்களுக்கும் இதே லெட்டர்தான் வந்திருக்கும், அதுல ஸ்பானிஷ் பேசறவங்களும் இருப்பாங்க, அவங்களும் உங்களை மாதிரியே டிராயர்ல போட்டிருப்பாங்க.

இ.எஸ்.எல். பத்தி

"இங்கிலீஷ் மீடியத்துல படிச்ச பையன், இவனுக்கு எதுக்கு இ.எஸ்.எல்.?"னு நீங்க எழுதின வரில இருந்த வலி எனக்கு நல்லா புரியுது. நம்ம ஊர் அம்மாக்கள் நிறைய பேர் இதே கேள்வியை கேக்கறாங்க. சேர்க்கும்போது ஃபில் பண்ணின ஃபார்ம்ல வீட்டு மொழி தமிழ்னு எழுதினா, அடுத்து ஒரு டெஸ்ட் வைப்பாங்க, கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் நாலும் அதுல வரும். நம்ம பசங்க பெரும்பாலும் பேசறதுல வெளுத்து வாங்கிடுவாங்க, எழுதறதுல மாட்டுவாங்க, ஏன்னா நாம போர்டைப் பாத்து எழுதி மனப்பாடம் பண்ணிப் பழகினவங்க, இங்க சொந்தமா ஒரு பாரா எழுதி காரணம் சொல்லணும். எதுல விழுந்தான்னு ஊகிக்க வேண்டாம், அந்த லெட்டர்லயே இருக்கணும். ஏன் சேர்த்தோம், அவன் இங்கிலீஷ் எந்த லெவல், எந்த முறைல சொல்லித் தரப் போறோம், எப்ப வெளிய வரலாம், இது எல்லாத்தையும் எழுதி ஸ்கூல் ஆரம்பிச்ச 30 நாளுக்குள்ள குடுக்கணும்னு டைட்டில் ஒன் சட்டத்துலயே இருக்கு. உங்களுக்கு வந்த லெட்டர்ல லெவல் காலியா இருக்குன்னு சொன்னீங்க, அதை நிரப்பித் தரச் சொல்லுங்க.

வேண்டாம்னு சொல்ற உரிமையும் உங்களுக்கு உண்டு. ஆனா அவசரப்பட்டு சொல்லாதீங்க. நீங்க மறுத்தா அந்த கிளாஸ்தான் நிக்கும், "இங்கிலீஷ் கத்துக்கற மாணவர்"ங்கற பதிவு நிக்காது, ஒவ்வொரு வருஷமும் வைக்கற இங்கிலீஷ் டெஸ்ட்டையும் எழுதியே ஆகணும். அப்போ உதவி இல்லாம டெஸ்ட் மட்டும் மிச்சம். என் கருத்து, ஒரு வருஷம் இருக்கட்டும், எழுதறதுல நல்லா பிடிச்சுக்கிட்டு டெஸ்ட்ல லெவலை எட்டி வெளிய வரட்டும். இது ஸ்பெஷல் எஜுகேஷன் இல்ல, ரெண்டும் வேற. இ.எஸ்.எல்.ல இருக்கான்னு காரணம் காட்டி கிஃப்டட் ப்ரோக்ராமுக்கு (படிப்புல ரொம்ப முன்னாடி இருக்கற பிள்ளைங்களுக்கான வகுப்பு) தடை போடவும் முடியாது, அப்படி யாராவது சொன்னா எழுத்துல தரச் சொல்லுங்க.

அந்த ஃபார்ம்ல இங்கிலீஷ்னு எழுதியிருக்கலாம்னு சொன்னவங்க பேச்சை மட்டும் தயவுசெஞ்சு கேக்காதீங்க. பொய் எழுதினா பையனுக்கு வர வேண்டிய உதவி போச்சு, அதோட நாளைக்கு உங்களுக்கு தமிழ்ல ஒரு மொழிபெயர்ப்பாளர் வேணும்னு கேக்கும்போது உங்க பேப்பரே உங்களுக்கு எதிரா நிக்கும். மொழி தெரியாத பிள்ளையை சும்மா வகுப்புல உக்கார வச்சுட்டு சமமா நடத்திட்டோம்னு ஸ்கூல் சொல்ல முடியாதுன்னு 1974லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, சான்பிரான்சிஸ்கோ சீனக் குடும்பங்கள் போட்ட வழக்கு அது. அவங்க போராடி வாங்கினதுலதான் நம்ம பிள்ளைங்களும் இன்னைக்கு உக்காந்திருக்காங்க.

கையெழுத்து கேட்ட பேப்பர்

அது பெற்றோர்-ஸ்கூல் ஒப்பந்தம். தைரியமா போடலாம். உங்களை கோர்ட்டுக்கு இழுக்கற பத்திரம் இல்ல, ஃபெடரல் சட்டம் கையெழுத்தை கட்டாயமாக்கவும் இல்ல. ஆனா போடறதுக்கு முன்னாடி ஸ்கூல் பக்கம் என்ன எழுதியிருக்குன்னு படிங்க. எலிமென்டரின்னா வருஷத்துக்கு ஒரு தடவையாவது டீச்சரோட உக்காந்து பேசற மீட்டிங், அடிக்கடி ரிப்போர்ட், டீச்சரை சந்திக்க வழி, வகுப்புக்கு வந்து பாக்க வாலன்டியர் பண்ண வாய்ப்பு, இதெல்லாம் அவங்க தர வேண்டியது.

லஞ்சும் கிரீன் கார்டும்

டைட்டில் ஒன்னுங்கறது ஸ்கூலுக்கு வர்ற பணம். உங்க பேர்ல அப்ளிகேஷன் இல்ல, உங்க ஃபைல்ல ஏறாது. லஞ்சும் அப்படித்தான், உங்க ஸ்கூல்ல எல்லாருக்கும் ஃப்ரீன்னா அது ஸ்கூல் முழுசுக்கும் கணக்கு பார்த்து வந்த திட்டம், யாரோட வருமான ஃபார்மும் அதுக்கு தேவைப்படாது. அவன் சாப்பிட்டா யாரோ ஒரு ஏழைப் பிள்ளையோட பங்கு குறையும்னும் இல்ல, பரிமாறின சாப்பாட்டு எண்ணிக்கைக்குத்தான் காசு வருது. கிரீன் கார்டு கேக்கறவர் அரசாங்க உதவியை நம்பி வாழப் போறவரான்னு பாக்கறதுக்குத்தான் பப்ளிக் சார்ஜ்னு பேரு, அதுக்கான 2022 விதில ஸ்கூல் சாப்பாடு கணக்குல வராது. ஆனா இமிக்ரேஷன் விதி அரசாங்கம் மாற மாற மாறிக்கிட்டே இருக்கு, அதனால கிரீன் கார்டு ஃபைல் பண்ற நேரத்துல உங்க இமிக்ரேஷன் வக்கீல்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க, அது என் துறை இல்ல. தயிர் சாதம் அவனுக்கு பிடிக்கும்னா கட்டிக் குடுங்க, பயத்துக்காக கட்டிக் குடுக்காதீங்க. எட்டு வயசுப் பையன் எல்லாரும் சாப்பிடற வரிசைல இருந்து தனியா வந்து உக்கார்றது அவனுக்குத்தான் கஷ்டம்.

வீடு மாத்தணுமா?

நான் இப்பவே மாத்துங்கன்னும் சொல்ல மாட்டேன், மாத்தவே வேண்டாம்னும் சொல்ல மாட்டேன். ரேட்டிங்னு நீங்க பாத்தது ஸ்டேட் குடுக்கற எழுத்து கிரேடா இருக்கும், "சி"ன்னு எழுதியிருந்தீங்க. அந்த கிரேடுல 80 சதவீதம் டெஸ்ட் மார்க், 20 சதவீதம்தான் வளர்ச்சி. வசதியான வீட்டுப் பிள்ளைங்க உள்ள வரும்போதே மார்க்கோட வர்றாங்க, அதை ஸ்கூல் சம்பாதிச்ச மார்க்னு சொல்ல முடியாது. வளர்ச்சின்னு தனியா ஒரு வரி அதே ரிப்போர்ட் கார்டுல இருக்கும், எதிர்பார்த்ததை விட அதிகமா, எதிர்பார்த்த அளவா, குறைவான்னு. அதைப் பாருங்க. "சி" வாங்கின ஸ்கூல் வளர்ச்சில அதிகம்னு வந்திருந்தா அங்க டீச்சர்ஸ் உண்மையா வேலை செய்யறாங்கன்னு அர்த்தம். ஒரு பிள்ளைக்கு எவ்வளவு செலவு பண்றாங்கன்னும் அதுலயே போட்டிருப்பாங்க, ரெண்டு ஸ்கூலையும் பக்கத்துல வச்சுப் பாருங்க.

மாசம் 650ன்னா வருஷத்துக்கு 7800 டாலர், ஒரே சம்பளத்துல. அதுக்கு மேல லீஸ் உடைக்கற காசு, பையனுக்கு ரெண்டாவது தடவை புது ஸ்கூல். வளர்ச்சி ரெண்டு மூணு வருஷமா கீழயே இருக்கு, டீச்சர் வந்து வந்து போறாங்க, கேட்டதுக்கு பதிலும் வரலைன்னா கோடை லீவுல மாறுங்க, நானே சரின்னு சொல்வேன். வருஷ நடுவுல, ஒரு வாட்ஸப் மெசேஜுக்காக மாறாதீங்க.

அந்த மீட்டிங்குக்கு போங்க

ஏழைப் பெற்றோருக்கானதுன்னு நினைச்சு போகலைன்னு எழுதியிருக்கீங்க. வருஷத்துக்கு ஒரு தடவை எல்லா பெற்றோரையும் கூப்பிட்டு இந்த திட்டத்தை விளக்கணும்னு சட்டம் சொல்றதால வைக்கற மீட்டிங் அது. 5 லட்சம் டாலருக்கு மேல டைட்டில் ஒன் வாங்கற டிஸ்ட்ரிக்ட், அதுல குறைஞ்சது 1 சதவீதத்தை பெற்றோர் பங்கேற்புக்குன்னே ஒதுக்கணும், அந்த ஒதுக்கினதுல 90 சதவீதம் ஸ்கூலுக்கே போகணும், அதை எதுக்கு செலவு பண்றதுன்னு முடிவெடுக்கறதுல பெற்றோருக்கு இடம் உண்டு. போனதை விட்டுட்டீங்க, பரவால்ல, இன்னும் மீட்டிங் இருக்கும், டைட்டில் ஒன் திட்டத்துக்கு ஸ்கூல் போட்டிருக்கற பிளானை கேட்டு வாங்குங்க. பிளான் சரியில்லன்னு பெற்றோர் எழுதிக் குடுத்தா, ஸ்கூல் அதை டிஸ்ட்ரிக்ட்டுக்கு பிளானோட சேர்த்து அனுப்பணும். வசதியான நேரத்துல வைக்க சொல்லலாம், பிள்ளைங்களைப் பாத்துக்க ஆள் ஏற்பாடு பண்ண கேக்கலாம், தமிழ்ல பேச ஃபோன் வழியா மொழிபெயர்ப்பாளர் கேக்கலாம். முடிஞ்ச அளவுக்கு பெற்றோருக்கு புரியற மொழில தகவல் குடுக்கணும்னுதான் சட்டம் சொல்லுது. பையனையே மொழிபெயர்க்க நிக்க வைக்காதீங்க, அவனைப் பத்தின குறையை அவனே எப்படி சொல்வான்?

கடைசியா ஒண்ணு கேட்டிருந்தீங்க, எஜுகேஷன் டிபார்ட்மென்டையே மூடப் போறாங்களாமே, இதெல்லாம் இருக்குமான்னு. 2025 மார்ச்ல பிரசிடென்ட் டிரம்ப் அதுக்கு உத்தரவு போட்டது உண்மை. ஆனா டைட்டில் ஒன் காங்கிரஸ் (அமெரிக்காவோட பார்லிமென்ட்) போட்ட சட்டம், அதை காங்கிரஸ்தான் எடுக்க முடியும், அதுவரைக்கும் மேல நான் சொன்ன உரிமை எல்லாம் உங்களோடதுதான். நடைமுறைல ஒரு விஷயம் மாறியிருக்கு. மொழி விஷயத்துல பாகுபாடு நடந்தா ஃபெடரல் சிவில் ரைட்ஸ் ஆபீஸ்ல 180 நாளுக்குள்ள புகார் குடுக்கலாம், ஆனா அந்த ஆபீஸோட 12 கிளைல 7ஐ 2025ல மூடிட்டாங்க, பதில் வர நாளாகும். அதனால முதல்ல பிரின்சிபால், ரெண்டு வாரத்துல பதில் இல்லைன்னா டிஸ்ட்ரிக்ட்ல ஃபெடரல் ப்ரோக்ராம்ஸ் பாக்கற அதிகாரி, அப்புறம் மாநிலத் தலைநகர் ராலேல இருக்கற மாநில கல்வித் துறை, இந்த வரிசைல போங்க. பையனோட டெஸ்ட் பேப்பர், இ.எஸ்.எல். ரெக்கார்டு பாக்கணும்னு எழுத்துல கேட்டா 45 நாளுக்குள்ள காட்டணும், அதையும் அந்த முதல் ஈமெயில்லயே சேர்த்து கேட்டுடுங்க.